ஜோன்ஸ் கொரலும் கெடைக்காத அவார்டும்

டேய் மாப்ள,

லெட்டர் கெடச்சுது. பொண்ணுக்கு பெங்களூர்லயே வேலை அமைஞ்சது ரொம்ப சந்தோஷம், வெளிநாடுன்னா நீ தாங்கிருக்க மாட்டடா. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு சொட்டு மருந்து ஓடிட்டு இருக்கு, டிவி பாக்கக்கூடாதுன்னு சொன்னதுக்கு டாக்டர திட்டிட்டு இருக்காங்க. சரி, நீ ரெண்டு பக்கத்துக்கு போட்ட சண்டைக்கு வரேன்.

கிட்டார்காரரு மேக் மெக்அனலிக்கு சி.எம்.ஏ.ல, அதான் அமெரிக்க கன்ட்ரி மியூசிக் சங்கத்தோட அவார்டுல, மியூசிஷியன் ஆஃப் த இயர் பத்து தடவ குடுத்தது அநியாயம், 2008ல இருந்து 2015 வரைக்கும் விடாம எட்டு வருஷம் ஒரே ஆளுக்கா, 2017லயும் 18லயும் திரும்ப அவருக்கேவா, அப்புறம் 2019ல பாத்தா பிடில் வாசிக்கிற ஜெனி ஃப்ளீனருக்கு போகுது, இதெல்லாம் என்ன கிட்டார் அவார்டுனு கேட்டிருந்த. அது கிட்டார் அவார்டே இல்லடா. 1967ல கிட்டார்காரரு செட் அட்கின்ஸ் மொத ஆளா வாங்கினாரு, அடுத்த ரெண்டு வருஷமும் அவரே, அதுல இருந்து என்னமோ கிட்டார்காரங்க பாட்டன் சொத்து மாதிரி ஒரு நெனப்பு. 70கள்லயே மவுத் ஆர்கன் சார்லி மெக்காய் வாங்கிட்டாரு, பியானோ பிக் ராபின்ஸ் வாங்கிட்டாரு. ஃப்ளீனர் அத வாங்கின மொத பொம்பள, அந்தம்மா வாசிப்புல கொற சொல்ல ஒண்ணும் இல்ல, அத விடு.

ஆனா வெரல் வேகத்துக்குத்தான் அவார்டுன்னு சொல்ற பாரு, அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. கன்ட்ரில கிட்டாரோட வேலையே பாடுறவன் மூச்சு வாங்குற அந்த ஒரு செகண்ட்ல அவன் விட்ட எடத்துல இருந்து எடுத்து நீட்டுறதுதான். பாடுறவன் எப்டி பாடுறான்னு தெரியாம கிட்டாருக்கு மார்க் போட்டா அது சர்க்கஸுக்கு போடுற மார்க்.

கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ எடுத்துக்கோ. ஆளு வாயவே சரியா தொறக்க மாட்டாரு, பல்ல கடிச்சுட்டே பாடுற மாதிரி இருக்கும், ஆனா ஒரு சுரத்துல நேரா போய் உக்கார மாட்டாரு, கீழ எங்கயோ ஆரம்பிச்சு வழுக்கி மேல வந்து, அங்க நிக்கிறாருன்னு நெனைக்கும்போது வார்த்தையோட வாலு கொஞ்சூண்டு ஒடஞ்சு விழும். கமகம் கேட்டு வளந்த காதுக்கு இது சட்டுனு ஒட்டிக்கும், எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் பாட்டே ஆகாது, ஜோன்ஸ் போட்டா மட்டும் பேப்பர மடிச்சு வச்சிட்டு கேப்பாரு. 1980ல வந்த 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே' பாட்ட இந்த எழவு பாட்ட எவன் வாங்குவான்னு அவரே நெனச்சிருக்காரு, எழவு வீட்டு பாட்டுதான அது, செத்தாதான் அவள மறந்தான்னு கத. அதுக்கு சி.எம்.ஏ. சாங் ஆஃப் த இயர் 1980லயும் 81லயும் வரிசையா ரெண்டு வருஷம். நடுவுல பாடாம வெறுமனே பேசுவாரு பாரு, அவ கடைசியா ஒரு தடவ வந்து பாத்தாங்கற எடம், அங்க அழுதுட்டா பாட்டு போச்சு, மனுஷன் அழல.

இந்த இழுவைக்கெல்லாம் மூலம் ஜோன்ஸுக்கு முன்னாடி வந்த பாடகர் லெஃப்டி ஃப்ரிஸல். ஒரு உயிரெழுத்த எடுத்து நாலு வளைவு வளச்சு விடுவாரு, இன்னொரு பாடகர் மெர்ல் ஹேகர்ட் சின்ன வயசுல அப்டியே காப்பி அடிச்சாரு. இப்ப பாரு, அந்த ஹேகர்டுக்கு டெலிகாஸ்டர்ங்கற எலக்ட்ரிக் கிட்டார் வாசிச்ச ராய் நிக்கல்ஸ் என்ன பண்ணாரு, கம்பிய மொதல்லயே மேல வளச்சு வச்சிட்டு அப்புறம் தட்டி மெதுவா கீழ எறக்குவாரு, ஹேகர்ட் வார்த்தைய எறக்குற மாதிரியே. வெறும் நாலு நோட்டுதான். அந்த சி.எம்.ஏ. லிஸ்ட்ல நிக்கல்ஸ் பேரு கெடையாது, இன்னொரு பெரிய கிட்டார்காரரு ஜேம்ஸ் பர்ட்டன் பேரும் கெடையாது. பாடகர் பக் ஓவன்ஸ் கூட கிட்டாரும் வாசிச்சு மேல்கொரலும் பாடுன டான் ரிச் பேரு இருக்கு, 1974ல, எப்போன்னா அவரு ஜூலைல மோட்டார் பைக் ஆக்ஸிடென்ட்ல செத்ததுக்கப்புறம். உயிரோட இருக்கும்போது எங்கடா போனீங்க?

இன்னொண்ணு, கிட்டார்காரரு கிளாரன்ஸ் வைட்டோட டெலிகாஸ்டர். பெடல் ஸ்டீல், அதான் படுக்க வச்சு பெடல் மிதிச்சு சுரத்த வழுக்க விடுற கிட்டார், அது மாதிரி அழணும்னு கூட வாசிச்ச ஜீன் பார்சன்ஸோட சேந்து பண்ணது, தோள் வார் மாட்டுற குமிழுக்கு உள்ள ஒரு நெம்புகோல், கிட்டார் கழுத்த கீழ அழுத்துனா வார் இழுத்து ரெண்டாவது கம்பியான பி கம்பியோட சுரம் முழுசா ஒரு டோன் ஏறும், கை விட்டா எறங்கிரும். இப்ப அந்த கிட்டார் பாடகர் மார்ட்டி ஸ்டூவர்ட் கிட்ட. வைட்டுக்கு மரியாதையா அவரு பண்ண 'ஹம்மிங்பேர்டு' 2011ல கிராமி கன்ட்ரி இன்ஸ்ட்ருமென்டல் வாங்குச்சு, உடனே அந்த கேட்டகரியவே தூக்கிட்டானுங்க, அதான் கடைசி. நீ மெக்அனலிய திட்டுற நேரத்துல இதுக்கு கோவப்படலாம். பால் ஃப்ராங்க்ளின்னு ஒரு பெடல் ஸ்டீல்காரரு, 90கள்ல இருந்து நீ கேட்ட பாட்டுல பாதில அவரு கைதான் இருக்கும், எத்தன வருஷம் நாமினேஷனோடயே வீட்டுக்கு அனுப்புனாங்க தெரியுமா.

அப்புறம் பாடகர் ராண்டி ட்ராவிஸோட அந்த ஏஐ பாட்டு கேட்டேன். 2013ல ஸ்ட்ரோக் வந்து பாட முடியாம போனவரு, 2024ல ஜேம்ஸ் டுப்ரேன்னு ஒருத்தர் பாடி அதுமேல இவரு கொரல ஏத்திருக்காங்க, குடும்பத்தோட சம்மதத்தோடதான். ஏமாத்துன்னு நீ சொல்லுவ. எனக்கு அப்டி தோணல, அந்த அடித்தொண்ட கனம் அச்சு அசலா வந்துருக்கு, வார்த்தைய எங்க விடணும் எங்க இழுக்கணுங்கறது மட்டும் ட்ராவிஸோடது இல்ல, டுப்ரேயோடது, ரெண்டு தடவ கேட்டா புரியும். ஆனாலும் அவரு உக்காந்து அத கேக்குறத பாத்தப்ப சண்ட போட மனசு வரல.

நீ பதில் எழுதும்போது மெக்அனலிக்கு பதிலா யாருக்கு குடுத்திருக்கணும்னு வருஷ வாரியா பேரு சொல்லு பாப்போம், சும்மா உன் வேக வெரல்காரரு ப்ராட் பெய்ஸ்லின்னு ஒரே பேர பத்து தடவ எழுதக்கூடாது. தை மாசம் பொண்ண விட வரும்போது ஓசூர்ல எறங்கிட்டு போ, தங்கச்சியையும் கூட்டிட்டு வா. வரும்போது என் கேப்போவ, அதான் கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப்ப, எடுத்துட்டு வா, ஞாபகமா வாங்கிட்டு போன, ஞாபகமா திருப்பி தரல.

உன்
மாப்ள