சர்ச் மண்டபத்து அக்காவுக்கு

2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டியதும் ஏரலில் எங்கள் வீடும் மூழ்கியது. சர்ச் மண்டபத்தில் சோறு, பாய், போர்வை கிடைத்தன. ஆனால் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாமல் அம்மாவின் சுகர் மருந்தை, இன்சுலினை, எங்கே குளிர்ச்சியாக வைப்பது? பரிமாறவே ஆள் போதாத இடத்தில் இதை யாரிடம் கேட்க?

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நீங்கள் என் கையிலிருந்த பையைப் பார்த்தீர்கள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு மண்பானை வந்தது. மருந்தை நனையாமல் பாலித்தீன் பையில் கட்டி உள்ளே வைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணி போட்டீர்கள். மற்ற சுகர்காரர்களையும் தேடிப்பிடித்து, அவர்கள் மருந்திலும் பெயர் எழுதி ஒட்டினீர்கள். ஊசி போட்டவர்களுக்கு முதலில் சாப்பாடு என்று பந்தியில் சண்டையே போட்டீர்கள்!

பெயர் கேட்டால், “முதல்ல சாப்பிடுங்க” என்றீர்கள். நன்றி அக்கா. அம்மா நலம். ஏரல் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க.