அடமானம் வைக்கவும் விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுத்தர, பகடை உருட்டி இடம் வாங்கி வாடகை வசூலிக்கிற மோனோபொலி மாதிரி பலகை விளையாட்டுகள் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வாங்கிக் கொடுத்த கையோடு அதன் விதிகளைப் பெரியவர்கள் நாமே கெடுத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் வரி, அபராதம் என்று கட்டுகிற பணத்தையெல்லாம் பலகை நடுவில் போட்டுவைப்போம், ஃப்ரீ பார்க்கிங் கட்டத்தில் யார் வந்து நின்றாலும் மொத்தமும் அவர்களுக்கு. ஒருநாள் விதிகளை உட்கார்ந்து படித்தேன். அப்படி ஒன்று அதில் இல்லவே இல்லை, அந்தக் கட்டத்தில் நின்றால் ஒரு காசு கிடைக்காது. காசு தீர்ந்தாலும் எங்கிருந்தாவது வந்து விழும் என்றுதான் இத்தனை நாளும் மகனுக்குப் பழக்கியிருக்கிறோம் என்று மனசு உறுத்தியது.

நாங்கள் சேர்த்தது அது. தள்ளிவிட்டது ஏலத்தையும் அடமானத்தையும், குழந்தைக்குப் புரியாது என்று நாங்களே முடிவுகட்டி. இடத்துக்கு வந்தவர் வாங்காவிட்டால் அது ஏலத்துக்குப் போகவேண்டும். அதன்பிறகு விதிப்படியே ஆடத் தொடங்கினோம். முதல் ஏலத்திலேயே மகன் வீம்புக்குப் போட்டிபோட்டு, அட்டையில் இருந்த விலையைத் தாண்டிக் கேட்டு ஓர் இடத்தை எடுத்தான், இரண்டு சுற்று கழித்து வாடகை கட்டப் பணமில்லாமல் 200க்கு வாங்கிய ரயில் நிலையத்தை அடமானம் வைக்க வேண்டிவந்தது. வங்கி தருவது பாதிதான், 100. மீட்கும்போது 10 சதவீத வட்டியோடு 110 கட்டவேண்டும், அதுவரை வாடகையும் வராது. அழுதான். கொஞ்சம் கொடுத்து உதவலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது, கொடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் சில நோட்டுகளைத் தனியாகப் பலகைக்கு அடியில் செருகி வைத்தான். எதற்கு என்றேன், 'வாடகைக்கு' என்றான். நான் வாய் வலிக்கச் சொல்லியும் ஏறாத விஷயம் இது.

இந்த விளையாட்டின் மூலவடிவத்துக்கு லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904இல் காப்புரிமை பெற்றார். நிலம் வைத்திருப்பவரிடம் வாடகை போய்ச் சேர்ந்துகொண்டே இருப்பதையும், அதில் மற்றவர்கள் நொடித்துப்போவதையும் காட்டத்தான் அவர் அதைச் செய்தார். அந்த வலியை எடுத்துவிட்டால் மிச்சம் பகடை உருட்டுவதுதான்.

அப்புறம், செல்போன் விளையாட்டையும் இதே கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள், அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பல விளையாட்டுகளில் அசல் பணம், விளையாட்டுக்குள் மட்டும் செல்லுகிற வைரக்கல்லாக மாறிவிடுகிறது, ஒரு பொருளின் உண்மை விலை என்ன என்று பெரியவர்களுக்கே குழம்பும். 80 கல் தேவைப்படும் இடத்தில் 100 கல் கட்டாகத்தான் விற்பார்கள், மீந்த 20 மறுபடி வாங்கத் தூண்டும். பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகள் இப்படிச் செயலிகளுக்குள் வாங்கியதற்காக, அமெரிக்காவில் 2014இல் ஆப்பிள் நிறுவனமே குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. இது கற்றுத்தருகிற விளையாட்டு இல்லை, பிள்ளையிடம் நடக்கிற வியாபாரம்.

உங்கள் சிறுவர் பகுதியில் தாள், பென்சில், பகடை மட்டும் வைத்து ஆடக்கூடிய வரவுசெலவு விளையாட்டு ஒன்றை விதிகளோடு வெளியிடுங்களேன். கடன் வாங்கினால் வட்டி கட்டவேண்டும் என்ற விதியும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்