நாலு பார்ட்டும் இத்துடன் இருக்கிறது

ஐந்தோவன், நெதர்லாந்து
அக்டோபர் 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். பெரியம்மாவுக்குக் கால்வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் அண்ணனிடம் பேசினேன். போனில் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது என்று சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தில் இருப்பது உங்களுக்கு முழுசாகக் கேட்கும். பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் கிளாரினெட்டைத் தொடாமலே நோட்டை மட்டும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு இருப்பீர்கள். "கேக்குதாலே உனக்கு?" என்று என்னையும் கேட்பீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் கேட்காது. இப்போது கொஞ்சம் கேட்கிறது.

இங்கே ஊருக்கு ஊர் பேண்டு செட்டு உண்டு பெரியப்பா. நாங்கள் இருப்பது ஐந்தோவனை ஒட்டிய சின்ன ஊர். அதற்கும் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கும் இழவுக்கும் கூலிக்குப் போகிற செட்டு இல்லை. ஊர்க்காரர்கள் சந்தா கட்டி நடத்துகிற சங்கம். இதில் இரண்டு வகை. கிளாரினெட்டும் புல்லாங்குழலும் சேர்ந்திருந்தால் ஹார்மோனி என்கிறார்கள். அந்த இரண்டும் இல்லாமல் பித்தளை வாத்தியங்களும் சாக்ஸபோனும் மட்டும் இருந்தால் அது ஃபான்ஃபார். எங்கள் ஊரில் இருப்பது ஃபான்ஃபார். கிளாரினெட் வாசித்தவனுக்கு அங்கே இடம் கிடையாது. நான் திரும்பி வரப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை, சங்கத்து ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றைக் கையில் கொடுத்து, வாசித்துப் பார் என்றார்கள். விரல் வைக்கிற முறை முக்கால்வாசி கிளாரினெட் மாதிரிதான், மூன்று மாதத்தில் பழகிவிட்டது. வாத்தியம் இன்னும் சங்கத்துக்கே சொந்தம். வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ரிகர்சல். அதற்கு முன்னால் எல்லாருக்கும் காப்பி, பால் இல்லாமல்.

அந்தச் சங்கத்திலிருந்து நாங்கள் நாலு பேர் தனியாகச் சேர்ந்திருக்கிறோம். சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாரிட்டோன், நாலும் சாக்ஸபோன். டிசம்பரில் முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து நிமிஷம் வாசிக்க வேண்டும். என்ன வாசிப்பது என்று பார்த்து நோட்டு வாங்குகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கையால் பார்ட்டு (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி நோட்டு) எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதுதான் காரணம். ஒருநாள் டெனார் பையன் பார்ட்டைத் தொலைத்துவிட்டு வந்தான். நான் எல்லார் நோட்டும் சேர்ந்த ஸ்கோரைப் பார்த்து, ஒரு கீயிலிருந்து இன்னொரு கீக்கு மாற்றி, பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி செட்டுக்காரர்கள் எல்லாருக்கும் நீங்கள் மை தொட்டு எழுதுவீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுப்பேன். அந்தப் பழக்கம்தான்.

பொறுப்பு கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் தப்பாகப் போனது. கிளாசுனோவ் என்ற ருஷ்யக்காரர் 1932இல் பாரிஸில் எழுதிய குவார்டெட், நாலு பேர் வாசிக்கிற பாட்டு, ஒன்று இருக்கிறது. மார்செல் முல் என்று பிரான்சில் பெரிய சாக்ஸபோன் வித்வான். பட்டாளத்து பேண்டிலிருந்து நாலு பேரைச் சேர்த்து 1928இல் ஒரு குழு வைத்தார். அவர்களுக்காக எழுதியது அது. நடுப் பகுதியில் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, ஒரு தடவை ஷூமன் மாதிரி, ஒரு தடவை ஷோபின் மாதிரி என்று மாற்றி மாற்றிக் காட்டுவார். கேட்டால் கண் கலங்கும். கேட்ட அன்றைக்கே சங்கம் கொடுத்த பணத்தில் பாதியைப் போட்டு அதை வாங்கிவிட்டேன். நாலு வியாழக்கிழமை முட்டி மோதினோம். இரண்டாம் பக்கம் தாண்டவில்லை. பாரிட்டோன்காரர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் உங்கள் பழைய கணக்கு நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஆட்கள் பெயரை எழுதி வைத்திருப்பீர்கள். இவனுக்கு மேல் ஸ்தாயி வேண்டாம், இவனுக்குப் பல் வலி, நீளமாகப் பிடிக்க விடாதே, இவன் மாமன் வீட்டுக் கல்யாணம், இவனுக்குத் தனியாக நாலு பார் (தாளக்கட்டம்) கொடு. பாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. அது ஏன் என்று எனக்கு இந்த வயசில்தான் புரிந்தது.

சரி என்று நானும் ஒரு நோட்டு போட்டு நாலு பெயரையும் எழுதினேன். சோப்ரானோ வாசிக்கிறவர் பள்ளிக்கூட டீச்சர். காது அவ்வளவு சுத்தம். சோப்ரானோவில் சுருதி சட்டென்று நழுவும், அவர் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. டெனார் பையனுக்குப் பதினேழு வயசு. வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் மெதுவான பாட்டில் அடுத்த பாருக்கு அவன் மட்டும் முன்னாலேயே போய்விடுவான். பாரிட்டோன்காரர் ரிட்டயரான தபால்காரர். எழுபது தாண்டிவிட்டது. அந்த வாத்தியமே ஐந்தாறு கிலோ கனம். அதற்குக் காற்றும் மற்ற மூன்றையும் விட அதிகம் வேண்டும். இரண்டு பாருக்கு ஒரு தடவையாவது அவர் மூச்சு விட இடம் இருக்கிறதா என்று பாரிட்டோன் பார்ட்டைத்தான் இப்போது முதலில் புரட்டுகிறேன். மேலே என்ன அழகு இருந்தாலும் அப்புறம்தான்.

அடுத்தது கீ. உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சோப்ரானோவும் டெனாரும் பி ஃபிளாட், ஆல்டோவும் பாரிட்டோனும் ஈ ஃபிளாட். காதில் கேட்கிற கீ வேறு, அவரவர் தாளில் எழுதுகிற கீ வேறு. வயலின் குவார்டெட்டுக்கு எழுதியதை அப்படியே மாற்றி அச்சடித்து நிறைய விற்கிறார்கள். அது ஏ மேஜரில் இருந்தால் டெனாருக்கு ஐந்து ஷார்ப் விழும், எனக்கும் பாரிட்டோனுக்கும் ஆறு. பையன் அழுதுவிடுவான். அதே பாட்டு ஈ ஃபிளாட்டில் இருந்தால் அவனுக்கு ஒரு ஃபிளாட், எங்களுக்கு ஒன்றுமே இல்லை. இன்னொன்று, பக்கம் திருப்புவது. இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும். நல்ல அச்சு என்றால் பக்கத்தின் கடைசியில் ஓய்வு வருகிற மாதிரி அமைத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் மாதிரிப் பக்கம் காட்டுவார்கள், அதில் நான் பார்ப்பது இந்த மூலையைத்தான்.

இப்படித் தேடியதில் கிடைத்தவர் சிஞ்செலே. பெல்ஜியத்துக்காரர், வயலின் வித்வான். சாக்ஸபோனைச் செய்த அடோல்ஃப் சாக்ஸுக்கு நண்பர். சாக்ஸ் அந்த வாத்தியத்துக்குப் பாரிஸில் காப்புரிமை வாங்கியது 1846இல். பதினோரு வருஷம் கழித்து, 1857இல், சிஞ்செலே நாலு சாக்ஸபோனுக்கு ஒரு குவார்டெட் எழுதினார். இந்த வகையில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். பி ஃபிளாட் கீ, அதனால் சோப்ரானோவுக்கும் டெனாருக்கும் ஷார்ப்பும் இல்லை ஃபிளாட்டும் இல்லை. வாத்தியமே புதுசாக இருந்த காலத்தில் எழுதியது. விரலுக்கும் மூச்சுக்கும் எது சுகம் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். வாசித்த முதல் நாளே தபால்காரர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். காசும் ஆகவில்லை. எழுதியவர் இறந்து எழுபது வருஷம் ஆனால் இங்கே உரிமை முடிந்துவிடும் (நம் நாட்டில் அறுபது). பழைய அச்சின் நகல் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. உரிமை முடியாத பாட்டு என்றால் நாலு பார்ட்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒன்றை வாங்கி ஜெராக்ஸ் எடுப்பதை எங்கள் சங்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள்.

சாக்ஸ் பிறந்த ஊருக்கு ஆகஸ்டில் போய் வந்தோம். தினான் என்று பெயர். பெல்ஜியத்தில் ஆற்றங்கரையில், செங்குத்தான பாறைக்கு அடியில் இருக்கிறது. பாலத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே கலர் கலராக சாக்ஸபோன் சிலைகள். அவர் பிறந்த இடத்தில் ஒரு பெஞ்சில் அவரே உட்கார்ந்திருக்கிற மாதிரி வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டேன். அண்ணன் போனில் காட்டியிருப்பான். உங்களுடன் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது.

இரண்டாவதாக பாக் என்ற ஜெர்மன்காரர் ஆர்கனுக்கு எழுதிய ஜி மைனர் ஃபியூக். சின்ன ஃபியூக் என்று சொல்வது. கதீட்ரல் கோவில் ஆர்கனில் நாம் இரண்டு பேரும் கேட்டோமே, அதுதான். ஒரே மெட்டு முதலில் மேல் குரலில், அடுத்து அதன் கீழ், அதற்கும் கீழ், கடைசியில் அடிக்குரலில் வரும். எங்கள் நாலு பேருக்கும் அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. கடைசியாக பாரிட்டோன் நுழையும்போது தரை அதிரும். தபால்காரர் அதுவரை மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அப்புறம் கடைசி ஐந்து நிமிஷம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர்ப் பாட்டு ஒன்று வைக்கலாமா என்று டீச்சர்தான் கேட்டார். முதலில் எனக்குத் தோன்றியது முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். கும்பினிக்காரர்களின் பேண்டு மெட்டைக் கேட்டு, அதில் சமஸ்கிருத வரி போட்டு, சங்கராபரணத்தில் செய்தவை. சுரத்தை அசைக்கிற கமகம் கிடையாது, பேண்டிலிருந்து வந்தது பேண்டுக்கே திரும்பப் போகும். அவர் கண் மூடியது எட்டயபுரத்தில், 1835இல். அதே எட்டயபுரத்தில்தான் 1904இல் சுப்பராம தீட்சிதர் அவ்வளவு பெரிய சுரப் புத்தகத்தை அச்சில் கொண்டுவந்தார். நம் பக்கத்து ஊரில் நோட்டு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று இவர்களிடம் சொல்லும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒன்றை வாசித்துக் காட்டியதும் டீச்சர், "இது இங்கிலாந்து தேசிய கீதம் அல்லவா?" என்றார். அந்த மெட்டுதான். இவர்கள் காதில் ஏற்கனவே இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் காவடிச்சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடியதை நீங்கள் கிளாரினெட்டில் வாசிப்பீர்கள். பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கு செட்டு போனபோது நானும் வந்தேன், பத்து வயசு. நம் ஜெபக்கூடத்தில் சிலர் முணுமுணுத்ததும், "மெட்டுக்கு ஏதுடே மதம்" என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அந்த மெட்டு அச்சில் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை, குவார்டெட்டுக்கு யார் எழுதியிருக்கப் போகிறார்கள்? என் காதில் இருப்பதை வைத்து நானே எழுதினேன். அந்த மெட்டின் ராகம் செஞ்சுருட்டி, அது மேல் சட்ஜத்துக்குப் போகாது, நிஷாதத்தோடு திரும்பிவிடும். அதனால் சா வை ஆல்டோவின் சி யில் வைத்தேன். மந்தர பா விலிருந்து நி வரை எல்லாம் என் கைக்குள் வந்துவிடுகிறது. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி அடியில் ஒரு சுரம் நிற்க வேண்டும். தபால்காரரால் தனியாகப் பிடிக்க முடியாது. எனவே பாரிட்டோனும் டெனாரும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள், ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர். இதனால் பையனும் அவசரப்படாமல் நிற்கக் கற்றுக்கொண்டான். மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடையை ஆறு-எட்டு என்று எழுதினேன். முதலில் அவன் அதை டான்ஸ் மாதிரி வாசித்தான். ரிகர்சல் ஹாலில் ஒரு கம்பைத் தோளில் வைத்து நடந்து காட்டினேன். காவடி எடுத்தவன் கால் எங்கே விழுகிறது என்று பார்த்ததும் பிடித்துக்கொண்டான்.

டீச்சருக்குக் கத்ரி கோபால்நாத் வாசித்த ரெக்கார்டையும் போட்டுக் காட்டினேன். இதே வாத்தியமா என்று மறுபடி மறுபடி கேட்டார். நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை அவர், அதனால் சாக்ஸபோனில் நாகஸ்வரத்தைத் தேடினார் என்று சொன்னேன். நாகஸ்வர வித்வான் காருகுறிச்சியாரை நேரில் கேட்டவர் எங்கள் பெரியப்பா என்றும் சொன்னேன்.

இத்துடன் நாலு பார்ட்டும் ஸ்கோரும் வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்காகப் பெரிதாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து எட்டாவது பாரைப் பாருங்கள். மா விலிருந்து ரி க்கு இறங்கும்போது நீங்கள் காந்தாரத்தில் ஒரு நெளிவு கொடுப்பீர்கள். நான் மூன்று பொடிச் சுரமாக எழுதிப் பார்த்தேன், படி இறங்குகிற மாதிரி இருக்கிறது. ஒரே சுரமாக எழுதிவிட்டு உதட்டால் வளைக்கச் சொன்னால், டீச்சருக்கு எவ்வளவு வளைப்பது என்று தெரியவில்லை. அதைக் காகிதத்தில் எப்படிக் காட்டுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினாறாவது பாரில் டெனாருக்கு நான் போட்ட சுரமும் இடிக்கிறதோ என்று சந்தேகம். தப்பு இருக்கிற இடத்தில் எல்லாம் அந்தச் சிவப்புப் பென்சிலால் முன்னால் அடிப்பது போலவே அடித்துவிடுங்கள். தபாலில் அனுப்பினால் நாளாகும், அண்ணனை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய கணக்கு நோட்டு பரணில் இருந்தால், கழுகுமலைப் பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் இரண்டு ரிகர்சல் பார்த்துவிடலாம். ஸ்கோரின் தலைப்பில், எழுதியவர் பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் பெயரை நீங்களே எழுதி அனுப்புங்கள்.

பெரியம்மாவுக்கும் அண்ணன், மதினிக்கும் என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் தம்பி மகன்