எந்த போர்ட், எந்த சர்வர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் சைக்கிள் பழகுகிறாள். முட்டி இரண்டிலும் சிராய்ப்பு, ஆனாலும் இறங்க மாட்டேன் என்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வரும் இணைப்புகளைப் பல சர்வருக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரில் நூறு போர்ட்டை, அதாவது இணைப்பு வரும் எண்ணிட்ட வாசல்களை, மொத்தமாகத் திறப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். திறப்பதற்கு ஒரே வரி போதும். எங்கள் லோட் பேலன்சரான ஹெச்ஏபிராக்ஸியில், எந்த போர்ட்டில் கேட்பது என்று சொல்லும் பைண்ட் வரியில் 30000-30099 என்று நடுவில் கோடு போட்டு எழுது. சர்வர் வரியில் போர்ட் எண்ணை எழுதாமல் விட்டால், வந்த போர்ட்டுக்கே அப்படியே உள்ளே அனுப்பிவிடும். நீ லோட் பேலன்சராக வைத்திருக்கும் என்ஜின்எக்ஸிலும் 1.15.10 பதிப்பிலிருந்து இப்படி ரேஞ்ச் எழுதலாம். நாங்கள் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

எங்கள் வாடிக்கையாளர்கள் ராத்திரியில் பில் கோப்புகளை எஃப்டிபியில் அனுப்புவார்கள். பின்னால் இரண்டு சர்வர், இரண்டிலும் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி மென்பொருள். எஃப்டிபியில் லாகினுக்கு ஒரு இணைப்பு, கோப்புக்குத் தனியாக இன்னொன்று. போன மாதம் திடீரென்று, லாகின் ஆகிறது, கோப்பு மட்டும் போகவில்லை என்று புகார். மறுபடி முயன்றால் சில சமயம் போய்விடும். இரண்டு ராத்திரி தூக்கம் போனது. கடைசியில் ஒரு வாடிக்கையாளர் கோப்பு அனுப்பும் ஃபைல்ஸில்லா மென்பொருளின் லாக்கை வாங்கிப் பார்த்தேன். கோப்புக்கான இணைப்போடு எங்கே வர வேண்டும் என்று சர்வர் சொல்லும், 227 என்று தொடங்கும் பதிலில் ஆறு எண்கள் இருக்குமே, முதல் நான்கு முகவரி, கடைசி இரண்டு 117, 148. அந்த இரண்டில் முதலாவதை 256ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 30100. அதாவது, ‘30100இல் காத்திருக்கிறேன், வா’ என்று சொன்னது இரண்டாவது சர்வர். ஆனால் லோட் பேலன்சர் முறை வைத்து அந்த இணைப்பை முதல் சர்வரிடம் தள்ளிவிட்டது. அங்கே அந்த போர்ட்டில் யாருமே இல்லை.

வரும் ஐபியை வைத்து ஒரே சர்வருக்கு அனுப்பிப் பார்த்தோம். பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் கிளைகள் எல்லாம் ஒரே ஐபியில் வருவதால் பாரம் முழுக்க ஒரு சர்வர் தலையில் விழுந்தது. அப்புறம்தான் ரேஞ்சைப் பங்கு பிரித்தோம். முதல் சர்வருக்கு 30000-30099, இரண்டாவதுக்கு 30100-30199. விஎஸ்எஃப்டிபிடியில், கோப்புக்காக சர்வர் திறக்கும் பேஸிவ் போர்ட்டின் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் அப்படியே வைத்து, ஹெச்ஏபிராக்ஸியில் இரண்டு தனித்தனி பகுதிகளாக எழுதினோம். இப்போது போர்ட் எண்ணே எந்த சர்வர் என்று சொல்லிவிடுகிறது. அன்றிலிருந்து ஒரு புகார் இல்லை மச்சான்.

நீ செய்யும்போது மூன்று விஷயத்தைக் கவனி. 227 பதிலில் போகும் முகவரி லோட் பேலன்சரின் வெளி முகவரியாக இருக்க வேண்டும், சர்வரின் உள் முகவரி போனால் யாராலும் வர முடியாது. சர்வர் வரியில் போர்ட் இல்லாததால் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்குக்கு, எஃப்டிபி லாகின் போர்ட்டான 21 என்று தனியாகச் சொல். இன்னொன்று, ரேஞ்சை 32768க்குக் கீழேயே வை. லினக்ஸ் தன் வெளி இணைப்புகளுக்கு வழக்கமாக 32768 முதல் 60999 வரை எடுத்துக்கொள்ளும். நான் முதலில் 40000இல் வைத்திருந்தேன். ஒரு நாள் ரீஸ்டார்ட் செய்தபோது நடுவில் ஒரே ஒரு போர்ட்டை வேறு எதுவோ பிடித்திருக்க, ஹெச்ஏபிராக்ஸி எழும்பவே மறுத்துவிட்டது. அந்தப் பதினைந்து நிமிடம் மறக்காது.

ஆயிரக்கணக்கில் திறந்து வைக்காதே. ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு போகுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதல் போதும். ஃபயர்வாலிலும் அதே எண்கள்தான். டிஎல்எஸ் மறையாக்கம் போட்டிருந்தால் ஃபயர்வாலால் 227 பதிலைப் படித்து தானாகத் திறக்க முடியாது.

உன் சர்வர் தரும் 227 வரியையும் உன் அமைப்புக் கோப்பையும் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்