ஊர்ப் பெரியவர்களே, அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தை இனி எழுதாதீர்கள்

கோயில் மண்டபத்திலும் ஸ்டேஷன் வேப்பமரத்தடியிலும் உட்கார்ந்து புருஷன் பெண்டாட்டி வழக்கைத் தீர்த்துவைக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொல்லச் சொல்லப் பத்திரம் அடித்துக்கொடுப்பவர்களுக்கும், அதில் சீல் வைத்துக் கையெழுத்துப் போடும் நோட்டரி வக்கீல்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் தென்மாவட்டம் ஒன்றில் 18 வருடமாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறவள். உங்கள் மேல் கோபமாக இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் ஓர் அம்மா என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார், லேமினேஷன் போட்டு அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். 20 ரூபாய் முத்திரைத்தாள். "பெரியவர்கள் முன்னிலையில் மனமொத்துப் பிரிந்துகொள்கிறோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் கிடையாது, மறுமணம் செய்துகொள்ள ஆட்சேபணை இல்லை" என்று எழுதி ஏழு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது அவருடைய கணவரின் முதல் கல்யாணம் முடிந்ததற்கான பத்திரம். அதை நம்பித்தான் இவரைக் கட்டிக்கொடுத்தார்கள். 14 வருடம் குடும்பம், இரண்டு பிள்ளைகள். கணவர் அரசு வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போனால், பதிவேட்டில் முதல் மனைவி பெயர்தான் இருக்கிறது, விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கொண்டு வா என்கிறார்கள். இவரிடம் இருப்பதோ இந்தப் பத்திரம்தான்.

அந்த அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சட்டப்படி நீங்கள் அவருடைய மனைவியே இல்லை என்று. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டப்படி, முதல் கல்யாணம் உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாவது கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அந்த முதல் கல்யாணத்தை முடிக்கக் கோர்ட் தீர்ப்பு வேண்டும், பத்திரத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. 16-ஆவது பிரிவுப்படி அவர்கள் முறையான வாரிசுகள்தான், அப்பா சொத்தில் பங்கு உண்டு, பூர்வீகச் சொத்தில் அப்பாவுக்கு வரவேண்டிய பாகத்திலும் உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைச் சொன்னபோதுதான் அவர் அழுகையை நிறுத்தினார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் மனைவியைத் தேடிப் போனோம். அவரும் அதே பத்திரத்தை நம்பி வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊரில் இருக்கிறார், அந்தக் கல்யாணமும் செல்லாது. வாசலில் நின்று எங்களோடு பேசக்கூடப் பயந்தார், உள்ளே புருஷன் இருக்கிறார், எதையும் கிளற வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். முதல் கல்யாணம் முடியாமல் இன்னொன்று செய்வது ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம். நியாயம் செய்வதாக நினைத்துத்தான் அந்த ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை, மற்ற நான்கு பேரால் இப்போது என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

"எங்கள் சாதியில் அத்துவிடுகிற வழக்கம் காலங்காலமாக உண்டு, சட்டமே ஒத்துக்கொள்கிறதே" என்று உங்களில் சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறதுதான், 29-ஆவது பிரிவில் வழக்கப்படியான விவாகரத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்து வருகிறது என்பதை, அதைச் சொல்கிறவர்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பெரியவர்களெல்லாம் போன பிறகு, 20 வருடம் கழித்து ஒரு விதவை யாரைக் கொண்டு நிரூபிப்பார்?

நோட்டரி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதிக்கொடுக்க நோட்டரிக்கு அதிகாரமே இல்லை என்று 2024 அக்டோபரில் ஒன்றியச் சட்ட அமைச்சகம் குறிப்பாணையே அனுப்பியது. அதற்கப்புறமும் சீல் வைத்த தாள்கள் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெரியவர்களே, உங்கள் பஞ்சாயத்தை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்றை மனதார ஒத்துக்கொள்கிறேன், போட்ட நகையையும் சீர் பாத்திரத்தையும் திருப்பி வாங்கிக்கொடுப்பதில் உங்கள் வேகம் எங்களுக்கு வராது. கோர்ட்டில் ஒரு நகைப் பட்டியலை நிரூபிக்கவே வாய்தா வாய்தாவாகப் போகும், நீங்கள் ஒரே ராத்திரியில் பவுன் கணக்குப் பார்த்து வாங்கிவிடுகிறீர்கள். அதைச் செய்யுங்கள். அடிவாங்கி உடம்பெல்லாம் காயத்தோடு வருகிற பெண்ணிடம் மட்டும் "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள், அது உங்கள் திண்ணையில் தீரக்கூடிய வழக்கில்லை.

பேசி முடித்தாயிற்று, இரண்டு பேரும் பிரியத்தான் போகிறார்கள், சரி. அந்தப் பேச்சை விவாகரத்துப் பத்திரமாக்காமல், யார் யாருக்கு என்ன கொடுப்பது, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற ஒப்பந்தமாக எழுதி, அதே சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து போடும் விவாகரத்து மனுவோடு வைத்துவிடலாம். குடும்பநல நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் போடலாம். ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனுப் போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். "அவ்வளவு நாள் யார் காத்திருப்பது" என்றுதான் எல்லோரும் பத்திரத்துக்குப் போகிறார்கள். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பிரிந்து ரொம்ப நாள் ஆகி எல்லாக் கணக்கும் தீர்ந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் பணத்தைப் பாதி முதலிலும், மீதியைக் கடைசி வாய்தா அன்று நீதிபதி முன்னால் டிமாண்ட் டிராஃப்டாகவும் கொடுக்கும்படி பேசுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிச் சண்டை இருக்காது.

வக்கீல் செலவுக்குப் பயந்தும் பலர் வருவதில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அடுத்த முறை முத்திரைத்தாள் வாங்க ஆள் அனுப்புவதற்கு முன்னால் இரண்டு பேரையும் கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, ஆதார் அட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றிதழும் வேண்டும். முடிந்தால் நீங்களும் ஒரு தடவை கூட வாருங்கள்.