குழி போட்டவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் ஸ்பாஞ்ச் பூங்காக்கள் அமைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மழைநீரை உறிஞ்சி நிலத்துக்குள் இறக்கும் பூங்கா. நல்ல யோசனைதான், குறை சொல்ல வரவில்லை. நாற்பது வருஷம் இந்த ஊரில் பிளம்பர் வேலை பார்த்தவன் என்பதால் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. போடாவிட்டால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றார்கள். கெடு நெருங்க நெருங்க எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை. முதலில் மழைநீர்க் குழியை ஒழுங்காகத்தான் போட்டேன். மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம், அடியில் உடைகல், அதற்கு மேல் ஜல்லி, மேலாக ஆற்று மணல், மொட்டைமாடிக் குழாயின் வாயில் வலை. கடைசி வாரத்தில் அதெல்லாம் போயிற்று. "ஆள் வந்து பார்த்தால் பைப் தெரிய வேண்டும், அவ்வளவுதான்" என்று வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். நானும் சில வீடுகளில் குழாயை வளைத்து மண்ணில் செருகி, மேலே நாலு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டுக் கூலி வாங்கி வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி மறைத்து என்ன?

போன ஆனி மாதம் நான் அந்தக் காலத்தில் ஒழுங்காகவே போட்ட ஒரு குழியைத் திறந்து பார்த்தேன். எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறது. மூடியை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே ஒற்றைச் செருப்பு, சிமெண்ட் மூட்டைச் சாக்கு, வேப்பமர வேர். மணல் களிமண்ணோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியே நின்றது. "அது சட்டத்துக்காகப் போட்டதுதானே, அப்புறம் யார் திறந்தார்கள்?" என்றார் சங்கச் செயலாளர். அதே கட்டடத்தில் போன வருஷம்தான் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் செல்போனுக்குச் செய்தி வரும் கருவி வாங்கி மாட்டியிருக்கிறார்கள். தொட்டியை நிரப்புவது லாரி!

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அதை நானும் போய்ப் பார்த்தவன். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். சரி, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய 9,300 லிட்டர். ஒரு லாரித் தண்ணீர். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் அவ்வளவு பெய்வது நமக்குப் புதிதில்லை. முந்நூறு வீட்டு மாடிகளில் விழுவது ஒரு ரயில் தண்ணீருக்கு மேலேயே வரும். அது குழிக்குள் இறங்காமல் தெருவில் ஓடி, பள்ளத்தில் இருக்கும் லைன் வீடுகளுக்குள் புகுகிறது. கோடையில் அதே லைன் வீட்டுப் பெண்கள்தான் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மொட்டைமாடிச் சாவிகூடக் கிடையாது.

இன்னொன்று. சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் மணல்; ஊற்ற ஊற்ற இறங்கும். வேளச்சேரி, கிண்டிப் பக்கம் சீக்கிரமே பாறை தட்டும். எங்கள் தெருவில் நாலடிக்குக் கீழே களிமண். வெறும் குழி போட்டால் கொசுதான் வளரும், குழிக்குள் துளை போட்டு மணல் அடுக்கு வரைக்கும் இறக்க வேண்டும். இது அந்தந்தப் பகுதியில் கிணறு வெட்டியவர்களுக்கும் போர் போட்டவர்களுக்கும் அத்துப்படி. அவர்களை யாரும் கேட்பதில்லை.

எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பூங்காவில் மழைநீர் இறங்கக் குளம் வெட்டி, கல் பதித்து, கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். முன்பு அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், வெயில் நாளில் பெண்கள் வடகம் காயவைப்பார்கள். இப்போது கேட்டில் பூட்டு. தண்ணீர் வரும் வாயில் பிளாஸ்டிக் குப்பை அடைத்துக் கிடக்கிறது. வண்டலை வருஷத்துக்கு ஒருமுறை அள்ளப்போவது யார் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பூங்காவுக்குச் செலவழிக்கும்போதே வருஷா வருஷம் தூர் வாரும் கூலியையும் சேர்த்து ஒதுக்குங்கள். அந்த வேலையை அதே தெரு ஆட்களுக்குக் கொடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் எத்தனை குழி திறந்தோம், எத்தனையில் மணல் மாற்றினோம் என்று வாசியுங்கள். ஆடி, ஆவணியில் செய்ய வேண்டிய வேலை இது. புரட்டாசியில் மழை வந்த பிறகு மூடியைத் தேடிப் பயனில்லை.

எங்கள் தெருவில் நாங்களாகவே ஆரம்பித்துவிட்டோம். எனக்கு முட்டி வலி, அதனால் கடப்பாரை பேரன் கையில், யோசனை மட்டும் என்னுடையது. இதுவரை ஏழு குழி திறந்து மணல் மாற்றியிருக்கிறோம். எட்டாவது, நான் 2003-ல் குழாயை மட்டும் செருகிவிட்டு வந்த வீடு. புதிதாகவே வெட்ட வேண்டும். கூலி வாங்கப்போவதில்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார், வாசல் கேட் சாவி இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை.