கந்தாயம் ஏறட்டும், எதைக் குறைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அல்சூரில் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருப்பவள். தூரவாணி நகர் ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் டெலிபோன் பாகங்களைப் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 67. கீழே நான் இருக்கிறேன். மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் ஆட்டோ ஓட்டுபவர் குடும்பம், இன்னொன்றில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர். சொந்தக் கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். கந்தாயத்தைப் பற்றி எழுதப் போகிறேன், அதில் இவர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

பெங்களூரில் தமிழர் வீடுகளிலும் சொத்து வரிக்குக் கந்தாயம் என்றுதான் பெயர். 2025 ஏப்ரலில் அதனுடன் குப்பைக்குத் தனிக் கட்டணம் சேர்ந்தது. அதே ஏப்ரலில் தண்ணீர் கட்டணமும் ஏறியது, நந்தினி பாலுக்கு லிட்டருக்கு 4 ரூபாயும் கரண்டுக்கு யூனிட்டுக்கு 36 பைசாவும் கூடியது. அதற்கு முன்னால் பிப்ரவரியிலேயே மெட்ரோ டிக்கெட் ஏறியிருந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் கோபம். எனக்கும்தான். ஆனால் வெறுமனே கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது என்று, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருக்காரர்களை என் வீட்டு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். 23 பேர் வந்தார்கள்.

முதல் அரை மணி நேரம் திட்டுவதிலேயே போனது. குப்பைக் கட்டணக் கணக்கை ஒருவர் எடுத்தார். வீடு 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், அதற்கு மேல் 1,000 வரை 50, 2,000 வரை 100. அவர் வீடு 610 சதுர அடி. "பத்து அடியை இடித்துவிட்டால் மாதம் நாற்பது ரூபாய் மிச்சம்" என்றார். சிரிப்பு அடங்கவே நேரமானது.

அப்புறம் நான் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். வருஷப் புளி வாங்கிக் கொட்டை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம், அதனால் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஆளுக்குப் பத்துக் கொட்டை. ஏழு தட்டு வைத்தேன்: மோரி (தெரு வடிகால்) தூர் வாருவது, குப்பை, தெருவிளக்கு, நடைபாதை, இந்திரா கேன்டீன் (அரசின் மலிவு விலை உணவகம்), நூலகம், பூங்கா. எதற்கு எவ்வளவு வேண்டுமோ போடுங்கள் என்றேன். மோரிக்கு 71, குப்பைக்கு 58, விளக்குக்கு 40, நடைபாதைக்கு 33, கேன்டீனுக்கு 14, நூலகத்துக்கு 9, பூங்காவுக்கு 5. இதுவரை எல்லோருக்கும் குஷிதான்.

இரண்டாவது சுற்றில்தான் விஷயம். "பணம் குறைந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு கொட்டையைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுக்க மனசில்லை என்றால் மாதம் 50 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கொட்டையை விட்டுவிடலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கீழே பானிபூரி வண்டிக்காரன் மணி அடிப்பதுகூடக் கேட்டது.

முதலில் கை போனது கேன்டீன் தட்டுக்குத்தான். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், "நான் அங்கே ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, அதை மூடட்டும்" என்றார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் வருஷா வருஷம் ஏப்ரலிலேயே முழுக் கந்தாயத்தையும் கட்டி 5 சதவீதத் தள்ளுபடி வாங்குகிறவர். பல வருஷம் கட்டாமல் இருந்தவர்களுக்கு 2024-ல் ஒரே தடவைத் தீர்வு என்று சொல்லி வட்டியிலும் அபராதத்திலும் சலுகை கொடுத்து, நவம்பர் 30 வரை நேரமும் கொடுத்தார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

அதற்கு என் மாடி வீட்டு ஆட்டோக்காரர் மனைவி பதில் சொன்னாள். "சார், எங்க வீட்டுக்காரர் விடியறதுக்குள்ள வண்டியை எடுக்கிறார். அங்கே அஞ்சு ரூபாய்க்கு டிபன், பத்து ரூபாய்க்கு மத்தியானச் சாப்பாடு. ஓட்டல்ல சாப்பிட்டா நூறு ரூபாய் போயிடும். அந்த நூறை உங்ககிட்டதான் மீட்டருக்கு மேல கேப்பார்." சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை எடுத்து, நேற்று வரை வாக்கிங் போன பூங்காவின் தட்டில் இருந்து இரண்டு கொட்டையைப் பொறுக்கினார். கடைசியில் 13 பேர் 50 ரூபாய் தருவதாக எழுதினார்கள், ஏழு பேர் கொட்டையை எடுத்தார்கள், மூன்று பேர் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று நழுவிவிட்டார்கள். எழுதிய 13 பேரில் முக்கால்வாசி ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: அந்த 50 ரூபாய் எங்கள் மோரிக்குத்தான் போக வேண்டும்.

மோரி என்றதும் ஏன் இத்தனை கொட்டை என்று வெளியாருக்குப் புரியாது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரியில் என் கீழ் வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் வந்தது. மெத்தை 6,500, மிக்சி மோட்டார் 1,150, ஒரு மூட்டை அரிசி 1,300, எலக்ட்ரீஷியனுக்கு 800. ஆக 9,750 ரூபாய். நான் நோட்டில் எழுதி வைக்கிறவள். அந்த வருஷம் நான் கட்டிய கந்தாயத்தைப் போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, மழைக்கு முன் இரண்டு தடவை தூர் வாருவதை அந்த வருஷம் ஒரு தடவையாகக் குறைத்துவிட்டோம், பட்ஜெட் இல்லை என்றார்கள். வரி ஏறினால் நோட்டீஸ் வருகிறது, பேப்பரில் வருகிறது, டிவியில் சண்டை போடுகிறார்கள். தூர் வாருவது குறைந்ததை மட்டும் யாருமே எனக்குச் சொல்லவில்லை, தண்ணீர்தான் வந்து சொன்னது. அந்த 9,750-ஐயும் நான் வரி என்றுதான் எழுதியிருக்கிறேன். இதற்கு ரசீது கிடையாது, அவ்வளவுதான்.

தண்ணீர் கதையும் இதுவே. 2014-க்குப் பிறகு பதினொரு வருஷம் கட்டணத்தை ஏற்றாமல் இருந்துவிட்டு 2025-ல் ஏற்றினார்கள். வீடுகளுக்கு மாதம் 8,000 லிட்டர் வரை லிட்டருக்கு 0.15 பைசா கூடியது. முழுசாகப் பயன்படுத்தினாலும் தண்ணீருக்கு மட்டும் கூடுதல் 12 ரூபாய். 2024 கோடையில் தண்ணீர் இல்லாமல் லாரிக்குப் பின்னால் ஓடினோமே, அப்போது அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்த விலையே 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். லிட்டருக்குப் பத்துப் பைசா. பதினொரு வருஷம் ஏற்றாததைக் கருணை என்று நான் நினைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் ஏற்றி, அந்தப் பணத்தில் இந்தக் குழாயை மாற்றினோம் என்று காட்டியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்போம்.

கூட்டத்தில் மாடி வீட்டுப் பெண் ஒருத்தி கூச்சத்தோடு கேட்டாள்: "ஆன்ட்டி, நாங்க கந்தாயம் கட்டறதில்லையே, நாங்களும் கொட்டை போடலாமா?" தாராளமாக என்றேன். கந்தாயப் படிவத்தில் நான் குடியிருக்கும் பகுதிக்குச் சதுர அடிக்கு ஒரு ரேட், வாடகைக்கு விட்ட பகுதிக்கு அதைப் போல இரண்டு மடங்கு. அந்த வித்தியாசத்தை நான் என் பென்ஷனில் இருந்தா போடுகிறேன்? வாடகையில்தான் சேர்த்திருக்கிறேன், ஒளிப்பானேன். இந்த ஊரில் பாதித் தெரு வாடகைக்காரர்கள். வரி ஏறும்போது முதலில் அடி வாங்குவது அவர்கள். கூட்டம் என்றால் மட்டும் வீட்டுக்காரர்களுக்கே அழைப்பு.

ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். வரிக்கு மேல் செஸ் என்று கூடுதல் வரிகள் இருக்கும்: சுகாதார செஸ் 15 சதவீதம், நூலக செஸ் 6, பிச்சையெடுப்புத் தடுப்புக்கு 3. மொத்தம் 24. நாங்கள் நூலகத்துக்கு ஒன்பது கொட்டைதான் போட்டோம் என்று சங்கடப்பட்டோம், ஆனால் கட்டும் பணத்தில் அதற்கு என்று தனியாக ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. இது அன்றைக்கு மாடியில் இருந்த 23 பேரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே. 2020 செப்டம்பரில் கார்ப்பரேட்டர்களின், அதாவது நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர்களின், காலம் முடிந்தது. அதன்பின் ஐந்து வருஷத்துக்கு மேல் தேர்ந்தெடுத்த கவுன்சில் இல்லாமலே இந்த ஊரின் பட்ஜெட் போடப்பட்டது. 2025 செப்டம்பர் 2 முதல், ஊர் முழுவதற்கும் ஒரே மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி ஐந்து மாநகராட்சிகள் ஆனது. எங்கள் பக்கம் மத்திய மாநகராட்சி. ஐடி கம்பெனிகள் நிறைந்த மகாதேவபுரா கிழக்கு மாநகராட்சிக்குப் போய்விட்டது. பழைய பிபிஎம்பியில் அதிகக் கந்தாயம் வந்தது அந்தப் பக்கத்தில்தான். எங்கள் மத்தியில் பழைய பேட்டைகள், சின்ன வீடுகள், இன்னும் பழைய மோரிகள். இனி எங்கள் மோரிக்குப் பணம் வேண்டும் என்றால் எங்களிடம்தான் கேட்பார்கள் என்று தோன்றுகிறது. கேட்கட்டும்.

ஆனால் கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். பட்ஜெட்டில் என்ன வேண்டும் என்று மக்களிடம் கேட்க 2015-லிருந்து ஜனாக்ரஹா என்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் 'மை சிட்டி மை பட்ஜெட்'டில் நானும் ஒரு தடவை சீட்டு எழுதிப் போட்டிருக்கிறேன், நடைபாதை வேண்டும் என்று. நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எதை விட்டுக்கொடுப்பாய், எதற்கு எத்தனை ரூபாய் கூடுதலாகத் தருவாய் என்றும் கேட்டால்தான் எங்கள் பதிலுக்கு மதிப்பு.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்னால், வார்டு வாரியாக. ஒரு பக்கத்தில் இந்த வருஷம் உங்கள் வார்டில் குறைக்கப் போவது இவை, அதனால் மிச்சம் இவ்வளவு. மறுபக்கத்தில், குறைக்காமல் இருக்க வேண்டும் என்றால் 600 அடி வீட்டுக்கு இவ்வளவு, 1,000 அடி வீட்டுக்கு இவ்வளவு ஏறும். கன்னடத்தில் போடட்டும், எங்களுக்கு நன்றாகவே படிக்க வரும். வார்டு கமிட்டிக் கூட்டத்தில் வாடகைக்காரர்களையும் உட்கார வைத்து அதைப் பேசட்டும்.

அடுத்த மாதம் மறுபடியும் மொட்டை மாடியில் கூடுகிறோம். நழுவிய மூன்று பேரும் பதிலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மாநகராட்சி அதிகாரிகள் யாராவது வந்தால் அவர்களுக்கும் பத்துக் கொட்டை உண்டு, காபியும் உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு